வாசகர் கேள்வி: லாங்மியூர் ஏமாத்திடுச்சே!

கேள்வி: எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்ல அயர்ன் ஆக்சைடு பவுடர் போட்டு தண்ணில இருந்து பாஸ்பேட் எடுக்கறேன். தண்ணில எவ்வளவு இருந்தா பவுடர்ல எவ்வளவு ஒட்டும்னு சொல்ற லாங்மியூர் சமன்பாடு பிஹெச் 7ல சூப்பரா பொருந்துது, ஆர் ஸ்கொயர் 0.99. அதே நம்பரை பிஹெச் 9க்கு போட்டா பாட்டில்ல நிஜமா பவுடர் மேல ஒட்டினதை விட ரொம்ப அதிகமா காட்டுது. எங்க தப்பு பண்றேன்?

பதில்: தப்பு உங்க மேல இல்லைங்க. லாங்மியூர் 1918ல எழுதினது கண்ணாடி, மைக்கா, பிளாட்டினம் மேல வாயு ஒட்டறதுக்கு, அதுல பிஹெச்ங்கற பேச்சே கிடையாது. நீங்க எடுத்த கே மதிப்பு, அதாவது எவ்வளவு பலமா ஒட்டுதுன்னு சொல்ற எண், பிஹெச் 7க்கு மட்டும்தான் செல்லும்.

ரெண்டு விஷயம் மாறுது. பிஹெச் 7.2 பக்கம் பாஸ்பேட்ல பாதி ஒரு நெகட்டிவ் சார்ஜோட, பாதி ரெண்டோட இருக்கும், 9க்கு போனா கிட்டத்தட்ட எல்லாமே ரெண்டுதான். இரும்பு மேல்பரப்பும் சும்மா இருக்காது, அதுல இருக்கற ஓஹெச் புரோட்டானை வாங்கும் விடும், புதுசா வீழ்படிவான ஹைட்ரஸ் ஃபெரிக் ஆக்சைடுன்னா பிஹெச் 8.1 தாண்டினா அதுவும் நெகட்டிவ் ஆகி பாஸ்பேட்டை தள்ளும். போதாக்குறைக்கு ஒட்டின பாஸ்பேட்டே பரப்பை இன்னும் நெகட்டிவா ஆக்கும், டவுன் பஸ்ல ஏறினவங்களே படியில நின்னுக்கிட்டு அடுத்தவங்களை ஏற விடாத கதைதான்.

அதனால பிஹெச்சையும் பரப்போட சார்ஜையும் சேத்து கணக்கு போடற சர்ஃபேஸ் காம்ப்ளெக்சேஷன் மாடலுக்கு வாங்க. அமெரிக்க புவியியல் ஆய்வுத்துறையோட ஃப்ரீக்சி (PHREEQC) சாஃப்ட்வேர் இலவசம்தான், அதோட டேட்டாபேஸ்ல பாஸ்பேட் பரப்புல ஒட்டற மூணு வடிவம் ஏற்கெனவே இருக்கு, ஜோம்பாக்கும் மோரெலும் 1990ல தொகுத்த மதிப்புகள். இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க. அந்த மதிப்புகள் மேல சொன்ன ஹைட்ரஸ் ஃபெரிக் ஆக்சைடுக்கு, கிராமுக்கு 600 சதுர மீட்டர் பரப்பு, ஒரு மோல் இரும்புக்கு (அதாவது 89 கிராம் ஆக்சைடுக்கு) ஒட்டற இடம் 0.2 மோல்னு வச்சு எடுத்தது. 89 கிராமுக்கு 0.2 மோல்னா ஒரு கிராமுக்கு 2.2 மில்லிமோல், இடத்துக்கு ஒரு பாஸ்பேட்னு வச்சா உச்சபட்சம் 70 மில்லிகிராம் பாஸ்பரஸ். உங்க பவுடர் நல்லா படிகமான கோதைட்டா (ஒரு இரும்பு கனிமம்) இருந்தா பரப்பு பெரும்பாலும் 20ல இருந்து 100க்குள்ளதான், அதுக்கு இந்த நம்பரை அப்படியே போட்டா இருக்காத இடத்துக்கெல்லாம் டிக்கெட் கிழிச்ச மாதிரி ஆயிடும். கோதைட் மாதிரி படிகங்களுக்கு சிடி-மியூசிக்னு (CD-MUSIC) இன்னொரு மாடல் இருக்கு, ஆனா ப்ராஜெக்ட் முடிக்க மூணு மாசம்தான்னா அந்த பக்கம் போகாதீங்க.

இன்னொண்ணு, பிஹெச் 7னு எழுதியிருக்கீங்களே, அது குலுக்கறதுக்கு முன்னாடி அளந்ததா பின்னாடியா? பாஸ்பேட் இரும்போட நேரடியா பிணையறப்ப அங்க இருந்த ஓஹெச்சை வெளிய தள்ளுது, பிஹெச்சை மாறாம பிடிச்சு வைக்கற பஃபர் இல்லாத தண்ணில பிஹெச் ஏறிடும். மாடலுக்கு வேணுங்கறது கடைசி பிஹெச். பாட்டிலை கொட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்துடுங்க.

கேள்வி: ஏரி அடிச்சேத்துல இரும்போட ஒட்டின பாஸ்பேட் கோடையில வெளிய வருதாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். இங்கிலாந்து ஏரிகள்ல ஆராய்ச்சி பண்ண மார்ட்டிமர் 1941, 42லயே காட்டிட்டாரு. அடியில ஆக்சிஜன் தீர்ந்தா ஃபெரிக் இரும்பு ஃபெரஸா மாறி கரைஞ்சிடும், ஒட்டியிருந்த சுவரே போனா போஸ்டர் எங்க நிக்கும்? ஃப்ரீக்சில ஒட்டற இடத்தோட அளவை கனிமத்தோட அளவோட கோத்து விட்டா, கனிமம் கரையக்கரைய இடமும் குறைஞ்சு பாஸ்பேட் தண்ணிக்கு திரும்பறதை அப்படியே பாக்கலாம்.