லண்டன் ஸாஷ் ஜன்னல்: தச்சரிடம் கேளுங்கள்

கேள்வி: அண்ணா, ஈஸ்ட் ஹாமில் பழைய வீடு வாங்கியிருக்கிறோம். அதில் ஸாஷ் ஜன்னல், அதாவது இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் மேலும் கீழும் நகரும் ஜன்னல். அதன் மேல் சட்டம் தானாகச் சரிந்து இறங்குகிறது. முழு ஜன்னலையும் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள். கயிறுதான் அறுந்திருக்கும். இரு பக்க நிலைக்கால்களும் உள்ளே கூடான பெட்டிகள். கண்ணாடிச் சட்டத்தின் விளிம்பில் ஆணியடித்த கயிறு, நிலைக்காலின் உச்சியில் உள்ள கப்பியில் ஏறி, பெட்டிக்குள் வார்ப்பிரும்புக் குண்டில் முடிகிறது. சட்டம் இறங்கினால் குண்டு ஏறும்.

முதலில் அறைப்பக்கத்து விளிம்புக் கம்பையைக் கழற்றி, கீழ்ச் சட்டத்தை வெளியே எடுங்கள். அப்புறம் இரண்டு சட்டங்களுக்கும் நடுவே பள்ளத்தில் செருகியிருக்கும் மெல்லிய கம்பையை நெம்புங்கள். மேல் சட்டமும் வந்துவிடும். நிலைக்காலின் அடிப்பகுதியில் ஒரு சின்ன மரத்துண்டு தனியாகக் கழலும். குண்டை எடுக்க அதுதான் வாசல். நான்கு கயிறுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுக் கயிறு கொஞ்சம் நீளும். அதை நினைக்காமல் வெட்டினால், மேல் சட்டம் முழுதாக ஏறுமுன்பே குண்டு பெட்டியின் அடியைத் தொட்டுவிடும். உச்சியில் விரல் அகலத்துக்கு இடைவெளி நிற்கும்.

கேள்வி: குண்டு எத்தனை கிலோ?

பதில்: கண்ணாடியோடு சட்டத்தை நிறுங்கள். 16 கிலோ என்றால் பக்கத்துக்கு 8. மேல் சட்டத்துக்குக் குண்டு சற்றுக் கூடுதலாகவும், கீழ்ச் சட்டத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இருந்தால் இரண்டுமே மூடியபடி நிற்கும். இரட்டைக் கண்ணாடி போட்டால் எடை கூடும். பெட்டியில் இடம் போதாவிட்டால் ஈயக் குண்டு போடுங்கள்.

கேள்வி: மேல் சட்டத்தின் கீழ் மூலைகளில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதே, அழகுக்கா?

பதில்: பலத்துக்கு. 1845இல் கண்ணாடி வரி நீங்கிய பிறகு பெரிய கண்ணாடிகள் மலிந்தன. சின்னச் சின்னக் கட்டங்களைத் தாங்கிய குறுக்குக் கம்பைகள் போயின, பாரம் ஏறியது. மூலை இணைப்பு பிளக்காமலிருக்க நெடுஞ்சட்டத்தைக் கொஞ்சம் நீட்டி விட்டார்கள். அந்த வளைவுகளைச் செதுக்கியதில் எத்தனை பொறுமை!

கேள்வி: சில வீடுகளில் ஜன்னல் சுவருக்குள் ஒளிந்திருப்பது ஏன்?

பதில்: தீ பயம். வெளிச்சுவரிலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளி மரநிலையை வைக்கும்படி 1709ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம் லண்டனில் கட்டாயமாக்கியது. 1774இல் பெட்டியையும் செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னார்கள்.

கேள்வி: எங்கள் ஜன்னல் அசையவே மறுக்கிறது, ஐயா.

பதில்: பெயின்ட் ஒட்டியிருக்கும். சுத்தியல் வேண்டாம். சட்டமும் கம்பையும் சேரும் கோட்டில் மெல்லிய கத்தியை ஓட்டி, பிறகு மெதுவாக ஆட்டிப் பாருங்கள். அடுத்த முறை கயிற்றில் மட்டும் பெயின்ட் படவிடாதீர்கள். விறைத்துப்போய் சீக்கிரம் அறுந்துவிடும்.