உயர்கல்வியில் மாணவர்களும் ஆய்வாளர்களும் பிறர் எழுத்தைத் தமதாக்கிக்கொள்வது ஏன்?

இதற்குக் காரணம் சோம்பலா, ஒழுக்கக்கேடா, வேறு ஏதேனுமா என்பது கேள்வி. இலங்கையின் வடக்கே வன்னியில் இருந்துகொண்டு, பல இடங்களில் படிக்கும் பிள்ளைகளின் ஆய்வேடுகளைச் சமர்ப்பிப்பதற்கு முன்னர் வாசித்துத் திருத்திக் கொடுப்பவன் என்ற வகையில், மாணவரையும் ஆய்வாளரையும் ஒரே கூண்டில் நிறுத்துவது தவறு என்று நினைக்கிறேன். மாணவர் பெரும்பாலும் எழுத முடியாமல் எடுக்கிறார். ஆய்வாளர் பெரும்பாலும் எழுதத் தெரிந்தும் எடுக்கிறார்.

எங்கள் பிள்ளைகள் உயர்தரம் வரையான பதின்மூன்று வகுப்புகளிலும் பழகுவது ஒப்புவித்தலைத்தான். ஆசிரியர் சொல்லச்சொல்ல எழுதிய குறிப்பு, ரியூசனில் கொடுத்த அச்சுக் குறிப்பாகிய ரியூட், கடந்தகால வினாத்தாளுக்கான மாதிரி விடை ஆகியவற்றைச் சொல் பிசகாமல் எழுதியவருக்கே கூடிய புள்ளி கிடைக்கிறது. அந்தக் குறிப்பை முதலில் எழுதியவர் யார், அவருக்கு அது எந்த நூலிலிருந்து கிடைத்தது என்று எவரும் கேட்பதில்லை. சொந்தச் சொல்லில் எழுதினால் 'புள்ளித்திட்டத்தில் இல்லை' என்று புள்ளி வெட்டப்படும் என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. இப்படிப் பரிசு வாங்கித் தந்த பழக்கம், பல்கலைக்கழக வளாகத்துக்குள் காலடி வைத்த அன்றிலிருந்து குற்றமாகிவிடுகிறது. எடுத்த மூலங்களைக் குறிப்பிடும் உசாத்துணையை எழுதும் முறையை எப்போதாவது ஒரு விரிவுரையில் சொல்லிக்கொடுப்பார்கள். காற்புள்ளி எங்கே, ஆண்டு எங்கே என்பதோடு அது முடிந்துவிடும். ஏன் மேற்கோள் காட்ட வேண்டும் என்பதைப் பேசக் கேட்ட மாணவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை.

அடுத்தது மொழி. கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்களிலும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவிலும், நாட்டின் ஏனைய பல்கலைக்கழகங்களைப் போலவே அறிவியல் சார்ந்த கற்கைகள் ஆங்கிலத்தில்தான் நடைபெறுகின்றன. 2009இல் போரால் இடம்பெயர்ந்தோர் வைக்கப்பட்டிருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் அரிச்சுவடி தொடங்கி, பின்னர் ஊர் திரும்பி, ஆங்கில ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்து வந்த ஒரு பிள்ளை, ஆங்கிலக் கட்டுரை ஒன்றை அகராதி வைத்து விளங்கிக்கொள்ளக்கூடும். அதைத் தன் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வது அதற்கு எளிதன்று. எனவே மூல வாக்கியத்தை எடுத்து, இரண்டு சொல்லை மாற்றி, ஒன்றை நீக்கி, முன்பின்னாக அடுக்கி எழுதுகிறது. ரெபேக்கா மூர் ஹவார்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990களில் இத்தகைய ஒட்டு எழுத்தை ஆராய்ந்து, இது பல வேளைகளில் ஏமாற்று அன்று, புதிய துறையின் மொழியைக் கற்பவர் கடந்துசெல்லும் ஒரு படி என்று வாதிட்டார். நான் திருத்தும் பக்கங்களில் பெரும்பாலும் இதையே காண்கிறேன். இரண்டாம் அதிகாரமாகிய இலக்கிய மீளாய்வில் வழுவில்லாத ஆங்கிலமும், நான்காம் அதிகாரத்தில் பிள்ளையின் சொந்தத் தடுமாற்றமும் இருந்தால், எடுத்த இடம் தானாகவே தெரிந்துவிடும்.

இதனால் மாணவர் எல்லோரும் அப்பாவிகள் என்று சொல்ல வரவில்லை. சீனியரின் ஆய்வேட்டை வாங்கி, கிராமத்தின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பவரும், காசு கொடுத்து எழுதுவிப்பவரும் இருக்கிறார்கள். தமிழ் மூல ஆய்வேடுகளில் இது இன்னும் எளிது. பழைய ஆய்வேடுகள் பல நூலகத் தட்டில் தாளாகவே கிடக்கின்றன. தன் தரவுத்தளத்தில் சேராத ஒன்றோடு, எழுத்துத் திருட்டைத் தேடும் எந்த மென்பொருளும் ஒப்பிட முடியாது.

மென்பொருளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டேர்னிற்றின் போன்றவை காட்டுவது சொற்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை மட்டுமே. அது திருட்டா இல்லையா என்பதை வாசிக்கும் மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும். இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட ஒழுங்குவிதிகள் 10 வீதம் வரையான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்றும், 60 வீதத்தைத் தாண்டினால் ஆய்வு மாணவரின் பதிவே இரத்தாகும் என்றும் படிப்படியாக வகுத்தன. எல்லை எண்ணாக வந்ததும் மாணவரின் கேள்வியும் எண்ணாகிவிடுகிறது. 'அண்ணா, இந்த ஒப்புமையை இருபது வீதத்துக்குக் கீழே இறக்கித் தர முடியுமா?' என்று என்னிடம் கேட்பவர்கள், மேற்கோள் குறியிட்டு மூலத்தைச் சொல்லிவிட்டாலே பெரும்பாலும் பிரச்சினை தீரும் என்பதை நம்ப மறுக்கிறார்கள்.

ஆய்வாளர்களின் கதை வேறு. 2011இல் ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த கார்ல் தியோடர் சூ குட்டன்பேர்க், ஆய்வேட்டில் பிறர் எழுத்தை மூலம் காட்டாமல் எடுத்ததற்காகப் பைரொய்த் பல்கலைக்கழகம் அவருடைய கலாநிதிப் பட்டத்தை மீளப் பெற்ற பின்னர் பதவி விலகினார். அவருக்கு வறுமையும் இல்லை, மொழித் தடையும் இல்லை, எழுதியது தாய்மொழியில். பட்டம் ஆய்வேட்டோடும் பதவி கட்டுரையின் எண்ணிக்கையோடும் கட்டப்பட்டிருக்கும்போது, எழுதும் நேரத்தைக் குறைக்கும் ஆசை எங்கும் வருகிறது. இலங்கையிலும் பேராசிரியர் பதவி உயர்வுக்கு வெளியீடுகள் புள்ளியாகக் கணக்கிடப்படுகின்றன. காசு வாங்கிக்கொண்டு வாசிக்காமலே வெளியிடும் ஆய்விதழ்கள் அந்தத் தேவையை நம்பியே பிழைக்கின்றன. மாணவரின் ஆய்வேட்டை மேற்பார்வையாளர் தன் பெயரை முன்னால் போட்டு வெளியிடுவதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் அதைப் பற்றி முறையிட மாணவருக்குத் துணிவு வராது, ஏனெனில் சான்றுக் கடிதம் மேற்பார்வையாளருடைய கையில் இருக்கிறது. என் பார்வையில், இரண்டாம் ஆண்டுப் பிள்ளையின் ஒப்படையைவிட இதுவே பெரிய குற்றம்; தண்டனையோ பெரும்பாலும் தலைகீழாகவே விழுகிறது.

2022 நவம்பரில், கேட்டதை எழுதித் தரும் சட்ஜிபிடி வந்த பிறகு, நான் திருத்தும் பக்கங்களில் வெட்டி ஒட்டுவது குறைந்திருக்கிறது. காரணம் மாறவில்லை. எழுத முடியாத பிள்ளை முன்பு கூகுளில் எடுத்ததை இப்போது அங்கே எடுக்கிறது. அதனால் ஆய்வேடு கொண்டுவருபவரிடம் நான் முதலில் தாளை வாங்குவதில்லை. என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்டு, தமிழில் வாயால் சொல்லச் சொல்கிறேன். குளத்து நீரைப் பற்றியோ நெல் விலையைப் பற்றியோ தான் கண்டதைச் சொல்லத் தொடங்குபவர்கள், அதையே பிழையான ஆங்கிலத்திலாவது எழுதிக்கொண்டு வருகிறார்கள். பிழையைத் திருத்த என்னால் முடியும்.