ஐந்நூறு ரூபாய் நோட்டும் ஆட்டு மூளையும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நரம்பு மண்டலம் பற்றியவை. பள்ளிகளில் அந்தப் பாடம் நடக்கிறது போல. ஒன்றாகவே எடுத்துக்கொண்டுவிட்டேன்.

கேள்வி: மகன் நான்காம் வகுப்பு. "கையை எடுன்னு மூளை எப்படிம்மா கைக்குச் சொல்லும்?" என்று கேட்டான். நரம்பு வழியாகச் சொல்லும் என்றேன், அதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை. களிமண்ணில் மூளை செய்து வர்ணம் அடித்தோம், அழகாக வந்தது. ஆனால் அவன் கேள்வி அப்படியே இருக்கிறது. வீட்டில் வேறு என்ன செய்து காட்டலாம்?
– ஓர் அம்மா, திருச்சி

பதில்: களிமண் மூளை அலமாரியில் இருக்கட்டும். ஆனால் அதற்குள் எதுவும் நடக்காது, உங்கள் பையன் கேட்டதோ நடப்பதைப் பற்றி. அதைப் பார்க்க அவன் உடம்பே போதும்.

ஒரு 500 ரூபாய் நோட்டை எடுங்கள் (பயப்படாதீர்கள், உங்களிடமே திரும்பி வந்துவிடும்). மேல் நுனியைப் பிடித்து நீளவாக்கில் தொங்க விடுங்கள். பையன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நோட்டின் நடுப்பகுதிக்கு இரண்டு பக்கமும், தொடாமல், தயாராக வைத்துக்கொள்ளட்டும். "சொல்லாம விடுவேன், பிடிச்சா நோட்டு உனக்கு." விடுவதற்கு முன்னால், பிடிப்பானா மாட்டானா என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். கட்டாயம் பிடிப்பேன் என்பான். முடியாது. நோட்டின் நீளம் 15 செ.மீ.; விரலுக்கு மேலே இருப்பது ஏழரை செ.மீ.; அது விரலைக் கடந்து விழ 0.12 விநாடிதான் ஆகும். கண் பார்த்து, அது மூளைக்குப் போய், மூளை முடிவெடுத்து, தண்டுவடம் வழியாகக் கைக்குச் செய்தி வந்து, தசை சுருங்கி விரல் மூடுவதற்கோ ஏறக்குறைய 0.2 விநாடி வேண்டும். அதற்குள் நோட்டு தரையில். எப்போதாவது பிடித்துவிட்டான் என்றால், நீங்கள் விடப்போவதை முகத்தைப் பார்த்தே ஊகித்து முன்கூட்டியே விரலை மூடியிருக்கிறான். அதுவும் மூளையின் வேலைதான், ஆனாலும் நோட்டைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் நோட்டுக்குப் பதில் 30 செ.மீ. ஸ்கேல். பூஜ்யம் விரல்களுக்கு நடுவே இருக்கட்டும். எங்கே பிடிக்கிறானோ அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. என்றால் 0.14 விநாடி, 15 என்றால் 0.17, 20 என்றால் 0.20, 25 என்றால் 0.23. இப்போது பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே பிடிக்கச் சொல்லுங்கள், ஸ்கேல் இன்னும் கீழே இறங்கியிருக்கும். ஃபோன் பேசிக்கொண்டே வண்டி ஓட்டுகிற அப்பாக்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் உட்கார வைத்து இதைச் செய்வது நல்லது.

லீவுக்குச் சொந்தக்காரப் பிள்ளைகள் கூடும்போது செய்ய இன்னொன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. பத்துப் பேர் வரிசையாக நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவரின் தோளில் வலது கையை வைக்கட்டும். கடைசி ஆள் தோளை அழுத்துவார், அழுத்தம் உணர்ந்தவர் தனக்கு முன்னால் உள்ளவரை அழுத்துவார், முதல் ஆள் கையைத் தூக்கியதும் ஃபோனில் ஸ்டாப்வாட்சை நிறுத்துங்கள். பழகும் வரை நேரம் குறைந்துகொண்டே வரும், ஒரு நிலைக்கு வந்ததும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து எல்லோரும் தரையில் உட்கார்ந்து, தோளுக்குப் பதில் கணுக்காலைப் பிடித்து, இதையே செய்யுங்கள். நேரம் கொஞ்சம் கூடும். அழுத்தும் கை அதே கைதான், யோசிக்கிற மூளையும் அதேதான், காலிலிருந்து செய்தி வர வேண்டிய தூரம் மட்டும் அதிகம். எல்லோருக்கும் சேர்த்து வரும் கூடுதல் தூரத்தைக் கூடுதல் நேரத்தால் வகுத்தால், தோராயமாகத்தான் என்றாலும், நரம்பில் செய்தி ஓடும் வேகமே கிடைத்துவிடும்.

1850-இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் கால் நரம்பில் செய்ததும் இந்தக் கழித்தல் கணக்குத்தான். தசைக்கு அருகே ஓரிடத்திலும் தள்ளி ஓரிடத்திலும் மின்சாரம் கொடுத்து, தசை சுருங்கும் நேரத்தின் வித்தியாசத்தைப் பார்த்தார். விநாடிக்கு சுமார் 27 மீட்டர் என்று வந்தது, பைபாஸில் போகிற கார் வேகம். அவருடைய ஆசிரியர் யோஹான்னஸ் முல்லர் இந்த வேகத்தை அளக்கவே முடியாது என்று நினைத்திருந்தவர்! நம் உடம்பின் மிக வேகமான நரம்பு இழைகள் விநாடிக்கு 100 மீட்டரையும் தாண்டும். மந்தமான வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளோ விநாடிக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர்தான். கால் விரலை வாசற்படியில் இடித்துக்கொண்டால் 'இடித்துவிட்டது' என்பது முதலில் தெரிந்து, ஒரு நொடி தள்ளி அந்த வலி வந்து சேர்வது இதனால்தான். இதை மட்டும் செய்து பார்க்க வேண்டாம், தானாகவே நடக்கும்.

கேள்வி: என் கையில் பச்சையாகப் புடைத்திருப்பதைத் தொட்டு "தாத்தா, இதுதானே நரம்பு?" என்கிறாள் பேத்தி. நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவள் அம்மா இல்லை என்கிறாள். எது சரி?
– ஒரு தாத்தா, காரைக்குடி

பதில்: மருமகளோ மகளோ, அவர் சொல்வதுதான் சரி, ஐயா. அது சிரை, ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் குழாய். கையைத் தலைக்கு மேலே தூக்கிச் சிறிது நேரம் வைத்திருங்கள், புடைப்பு வடிந்துவிடும். தொங்கவிட்டால் மறுபடி எழும்பும். பேத்தி பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்யுங்கள்.

நரம்பு வெளியே தெரியாது. ஆனால் ஓரிடத்தில் தட்டுப்படும். முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறதே, அங்கே லேசாக உருட்டிப் பாருங்கள், கயிறு மாதிரி ஒன்று நழுவும். கதவில் முழங்கையை இடித்தால் ஷாக் அடித்த மாதிரி ஆகிறதே, அந்த நரம்புதான். எந்த விரல் ஜிவ்வென்கிறது என்று கேளுங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும். தட்டியது முழங்கையில், தெரிவது விரலில்: அந்த நரம்பு எங்கிருந்து செய்தி கொண்டுவருவது வழக்கமோ அங்கிருந்து வந்ததாகவே மூளை எடுத்துக்கொள்கிறது.

கூடவே, பாட்டியிடம் ஒரு கொண்டை ஊசி கேட்டு வாங்குங்கள், வளைத்த பழைய வகை. இரண்டு முனைகளையும் கொஞ்சம் நெருக்கி, பேத்தி கண்ணை மூடியிருக்கும்போது இரண்டையும் ஒரே நேரத்தில் மெதுவாக விரல் நுனியில் வையுங்கள். எத்தனை முனை? சில சமயம் ஒரே முனையாலும் தொடுங்கள், இல்லாவிட்டால் பழக்கத்தில் 'இரண்டு' என்றே சொல்லிக்கொண்டிருப்பாள். விரல் நுனியில் இரண்டு மூன்று மி.மீ. இடைவெளியே தெரிந்துவிடும். முதுகில் நான்கு செ.மீ. அகட்டினால்கூட 'ஒண்ணுதான்' என்பாள், நம்பவே மாட்டாள். வேபர் என்ற ஜெர்மானியர் 1830-களில் காம்பஸ் முனைகளால் உடம்பு முழுக்க இப்படித் தொட்டுத் தொட்டு அளந்து எழுதி வைத்தார். பிரெய்ல் எழுத்தின் புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி சுமார் 2.5 மி.மீ.தான், விரல் நுனியால் மட்டும் அதை வாசிக்க முடிவதற்குக் காரணம் இதுவே. விரலுக்கும் உதட்டுக்கும் மூளை ஒதுக்கியிருக்கும் இடம் மிகப் பெரியது, முதுகுக்குக் கொஞ்சம்தான்.

கேள்வி: முட்டியில் தட்டினால் கால் தானாக உதைக்குமாமே. என் பெண் எனக்கு எத்தனையோ தரம் தட்டிப் பார்த்துவிட்டாள், அசையவே இல்லை. எனக்கு ஏதாவது கோளாறா?
– வாசகர், கோவை

பதில்: பெரும்பாலும் கோளாறு தட்டுகிற இடத்தில்தான். கால் தரையில் படாதபடி மேசை மேல் உட்காருங்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே, எலும்பு ஆரம்பிப்பதற்கு முன்னால் மெத்தென்று ஒரு பட்டை இருக்கும், அங்கே உள்ளங்கையின் ஓரத்தால் தட்ட வேண்டும் (சுத்தியல் வேண்டவே வேண்டாம்). நீங்கள் காலையே முறைத்துக்கொண்டிருந்தாலும் வராது. இரண்டு கை விரல்களையும் கோத்து எதிரெதிராக இழுங்கள், இழுக்கும்போது அவள் தட்டட்டும். டாக்டர்களும் செய்கிற தந்திரம் இது. செய்தி தண்டுவடம் வரை போய் அங்கேயே திரும்பிவிடுகிறது, மூளைக்குக் கால் ஆடிய பிறகுதான் தெரியும். நல்ல ஆரோக்கியமான சிலருக்கும் மிகக் குறைவாகவே ஆடும், அதற்காகக் கவலை வேண்டாம்.

கேள்வி: மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்று மகள் பள்ளியில் கேட்டு வந்தாள். உண்மையா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே இருக்கும் மூளை, சும்மா இருக்கும்போதே உடம்பின் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. தூங்கும்போதும் எல்லாப் பகுதிகளும் ஏதாவது வேலையில்தான் இருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒருத்தி ஒன்பதாம் வகுப்பு, ஒருத்தி எல்.கே.ஜி. இரண்டு பேரும் சேர்ந்து செய்ய ஏதாவது உண்டா?
– ஓர் அப்பா, மதுரை

பதில்: உண்டு, அதில் சின்னவள்தான் ஜெயிப்பாள். ஸ்கெட்ச் பேனாவால் 'சிவப்பு' என்று பச்சை மையிலும், 'நீலம்' என்று சிவப்பு மையிலும், 'பச்சை' என்று நீல மையிலும், இப்படிக் கலைத்துப் போட்டு இருபது வார்த்தை எழுதுங்கள். எழுதியிருப்பதை வாசிக்கக் கூடாது, மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும், வேகமாக. பெரியவள் தடுமாறுவாள், நீங்களும்தான். படிக்கப் பழகிய மூளை எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் விடாது, வாசித்ததை ஒதுக்கித் தள்ளிவிட்டு நிறத்தைச் சொல்வதற்குள் நேரம் ஆகிவிடுகிறது. இன்னும் வாசிக்கத் தெரியாத சின்னவளுக்கு அது வெறும் கோடு, கடகடவென்று சொல்லிவிடுவாள். ஸ்ட்ரூப் என்ற அமெரிக்கர் 1935-இல் இதை எழுதியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. நம் வீடுகளில் இன்னும் சுவாரசியமாகச் செய்யலாம்: அதே பட்டியலை ஆங்கிலத்திலும், வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு மொழியின் எழுத்திலும் எழுதிப் பாருங்கள். எந்த மொழியை அதிகம் வாசிக்கிறோமோ அதில்தான் பெரும்பாலும் அதிகம் தடுமாறுவோம். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் தமிழ்ப் பட்டியலில் தடுமாறாமல் போனால் பெற்றோர் கொஞ்சம் யோசிக்கலாம்.

கேள்வி: நிஜ மூளையைப் பார்க்க வேண்டும் என்கிறான் பையன். மியூசியம் எதுவும் பக்கத்தில் இல்லை.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: திண்டுக்கல்லில் கறிக்கடைக்கா பஞ்சம்? அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால் உடையாமல் ஓர் ஆட்டு மூளை கேட்டு வாங்குங்கள். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் கொஞ்சம் இறுகும், இல்லாவிட்டால் கையில் குழைந்துவிடும். சமைக்கும்போது நாம் உரித்துப் போடுகிற மெல்லிய தோல், அதில் ஓடும் சிவப்பு ரத்தக் குழாய்கள், நடுவில் பிளவு, இரண்டு பக்கமும் மடிப்புகள், பின்னால் இன்னும் நெருக்கமான கோடுகளோடு தனியாக ஒரு சின்ன உருண்டை, அது சிறுமூளை. அடியில் தண்டுவடம் தொடங்குகிற தண்டு வெட்டுப்பட்டிருக்கும், கேட்டால் கடைக்காரர் கொஞ்சம் நீளமாக விட்டுத் தருவார். சமையல் தராசில் வையுங்கள், நூறு கிராமை ஒட்டி வரும். மனித மூளை 1,300 முதல் 1,400 கிராம். அதைக் காட்ட ஒன்றே கால் கிலோவுக்கு மேல் அரிசியை ஒரு பையில் கட்டிப் பக்கத்தில் வைத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், வெகுநேரம் வெளியே வைத்திருக்கவும் கூடாது. மிளகு போட்டு வறுத்துவிடலாம். பையன் மட்டும் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், அன்றைக்கு அவனுக்கு ரசமும் அப்பளமும் போதும்.