இஞ்சினின் கவர்னர்: கேளுங்கள், சொல்கிறேன்

(பதில் சொல்பவர்: தேயிலைத் தொழிற்சாலை இஞ்சின் மெக்கானிக்)

ஹட்டன், உயர்தர மாணவி: அண்ணா, கனமான பிளைவீல் இருக்கும்போது கவர்னர் எதற்கு?

தங்கச்சி, பிளைவீல் என்ற கனத்த சக்கரம், பிஸ்டனின் ஒவ்வொரு அடிக்கும் வரும் துள்ளலைத்தான் தணிக்கும். கொழுந்தை உருட்டும் ரோலரில் கொழுந்து கொட்டி லோட் ஏறினால், டீசலைக் கூட்ட ஒரு கை வேண்டும். அதுதான் கவர்னர். வேகம் கூடினால் அதில் சுழலும் குண்டுகள் விரிந்து, ஸ்பிரிங்கை மீறி டீசலைக் குறைக்கும். குறைந்தால் ஸ்பிரிங் வென்று டீசலைக் கூட்டும். காற்றாலை மாவு ஆலைகளில் இருந்த இந்த உத்தியை, 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி இஞ்சினுக்குக் கொண்டுவந்தார்.

பொகவந்தலாவை: அண்ணே, எங்கள் ஜெனரேட்டர் லோட் இல்லாமலே ஏறி இறங்கி உறுமுகிறது. ஸ்பிரிங்கை இறுக்கியும் அடங்கவில்லை.

தம்பி, ஸ்பிரிங்கைப் பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள். இஞ்சினை நிறுத்தி, கவர்னரைப் பம்புடன் இணைக்கும் லிங்கைக் கழற்றி, டீசல் பம்பின் ராக்கை (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டை) ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். கடைசிவரை வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஓரிடத்தில் பிடித்து, பிறகு சட்டென நழுவினால் நோய் அங்கேதான். குண்டுகள் தள்ளும்போது ராக் அசையாது. அசையும்போது தேவைக்கு மேல் போய்விடும். உடனே எதிர்ப்பக்கம் இழுபடும். லிங்கின் பின் (pin) மாட்டும் துளைகள் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தாலும் இதே கதைதான். பிறகு டீசல் லைனில் காற்று இருக்கிறதா பாருங்கள். இப்படி அலைவது எப்போது அடங்கும், எப்போது வளரும் என்று இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1868இலேயே கணக்குப் போட்டார். எனக்கு அது பெரிய வியப்பு.

நுவரெலியா: லோட் இல்லாதபோது 52 ஹேர்ட்ஸ், முழு லோடில் 50. கவர்னர் பழுதா?

இல்லை ஐயா, ஆரோக்கியமாக இருக்கிறது. நான்கு காந்த முனை உள்ள ஜெனரேட்டரில் நிமிடத்துக்கு 1560 சுற்று 1500 ஆகிறது, நூற்றுக்கு நான்கு குறைவு. குண்டுகள் சற்றுச் சுருங்கினால்தான் டீசல் கூடும். சுருங்க, வேகம் சற்றுக் குறைந்தே ஆக வேண்டும். இரண்டு ஜெனரேட்டர்கள் சேர்ந்து ஓடும்போது லோடைப் பங்கிட்டுக்கொள்வதும் இந்த வேக இறக்கத்தால்தான். இதை ஒழிக்க முயலாதீர்கள்.

மஸ்கெலியா: ஓடைத் தண்ணீரின் தாரை அடித்துச் சுழலும் பெல்டன் டர்பைனில் லோட் திடீரெனப் போனால், வால்வைச் சட்டென மூடலாமா?

கூடவே கூடாது. மலைச்சரிவுக் குழாயில் வேகமாக வரும் தண்ணீர் ஒரேயடியாக நின்றால், அழுத்தம் ஏறிக் குழாய் வெடிக்கலாம். அதனால்தான் முதலில் ஒரு தகடு குறுக்கே வந்து நீர்த்தாரையைத் திருப்பிவிடும். தாரையின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வு பின்னால் மெதுவாக மூடும்.

பண்டாரவளை: தாத்தாவின் கிராமபோனில் பாட்டு நடுங்குகிறது.

அதன் கவர்னரில் மெல்லிய ஸ்பிரிங் தகடுகளில் மூன்று குண்டுகள் இருக்கும். வேகம் கூடினால் அவை விரிந்து, ஒரு வட்டத்தகட்டை நகர்த்தி, சிறு மெத்தையில் உரசவைக்கும். மெத்தை காய்ந்திருந்தால் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். ஒரு தகடு நெளிந்திருந்தாலும் மூன்றையும் ஒரே தடிப்பில் மாற்றுங்கள்.