கழிவுநீர்க் கசட்டை நுண்ணுயிர்களால் மக்கவைத்து வாயு எடுக்கும் டைஜெஸ்டர் தொட்டியின் கசடு மாதிரியில் கொழுப்பு அமிலம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஆய்வகம் சேர ஒரு நாள் ஆகும். ஐஸ் போதுமா, அமிலம் ஊற்ற வேண்டுமா?

ஐஸ் கட்டாயம். அமிலம் ஊற்றலாம், ஆனால் எல்லாப் பாட்டிலிலும் அல்ல.

பாட்டிலில் அடைத்துவிட்டால் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டைஜெஸ்டரின் 35 டிகிரிக்கும் சென்னையின் மே மாத வெயிலுக்கும் அவற்றுக்கு வித்தியாசமே தெரியாது. பெருங்குடி கழிவுநீர் நிலையத்திலிருந்து இரண்டு பாட்டில்களை ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மத்திய கைலாஷ் சிக்னலில் ஒன்றின் மூடி உள்ளே சேர்ந்த வாயுவால் ‘டப்’ என்று தெறித்தது. நாற்றம் போக ஒரு வாரம் ஆயிற்று.

தப்பித்த பாட்டில்தான் பெரிய தொல்லை. மறுநாள் சோதித்தால் கொழுப்பு அமிலம் மிகக் குறைவு. அமிலம் தேங்கவில்லை, டைஜெஸ்டர் நலம் என்று மகிழ்ந்தோம். உண்மையில், மீத்தேன் நுண்ணுயிர்கள் இரவு முழுக்க, கொழுப்பு அமிலங்களில் ஒன்றான அசெட்டிக் அமிலத்தைத் தின்று தீர்த்திருந்தன. டைஜெஸ்டருக்குள் போகும் பச்சைக் கசட்டில் இது தலைகீழ்: வைக்க வைக்க அமிலம் ஏறும்.

வால்வைத் திறந்ததும் வருவது குழாயில் தேங்கிய பழைய கசடு; அதை வடியவிட்டுப் பிடியுங்கள். பாட்டிலை ஐஸ் கட்டிகள் மேல் வைக்காமல், ஐஸும் தண்ணீரும் கலந்த பெட்டியில் கழுத்துவரை அமிழ்த்துங்கள், வேகமாகக் குளிரும். 4 டிகிரியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதித்துவிடுங்கள்.

அதற்கு மேல் தாமதமானால் சென்ட்ரிபியூஜில் சுற்றி, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, தெளிந்த நீரில் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்து பிஎச் 2-க்குக் கீழே இறக்குங்கள். பிறகு மைனஸ் 20 டிகிரியில் உறையவைக்கலாம். கசட்டை அப்படியே உறையவைத்தால் செல்கள் உடைந்து உள்ளிருப்பதெல்லாம் வெளியே வரும். அமிலம் பட்டதும் பைகார்பனேட் நுரைத்துப் பொங்கும், ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவும் கிளம்பும். ஆகவே ஆய்வகத்தில் வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டிக்குள் (fume hood) சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். அந்த பிஎச்-இல் கொழுப்பு அமிலங்கள் எளிதில் ஆவியாகும் என்பதால் உடனே இறுக மூடுங்கள்.

காரத்தன்மையை டைட்ரேஷனில் பார்ப்பதற்கான பாட்டிலில் ஒரு சொட்டு அமிலமும் படக் கூடாது. பிஎச் 5.0 வரையும், பின் 4.4 வரையும் இறக்க எவ்வளவு அமிலம் பிடிக்கிறது என்பதுதானே அந்தச் சோதனை!

பாட்டிலில் தேதியோடு மணியையும் எழுதுங்கள், பென்சிலால். பேனா மை ஐஸ் தண்ணீரில் கரைந்துவிடும்.