காலியான மெழுகுவர்த்திக் கண்ணாடிக் குவளைகளைச் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்துவது எப்படி?

எனக்கு ஊர் தங்கச்சிமடம். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று எங்கள் பக்கம் வெறும் மெழுகுதிரியை ஏற்றினால் வாடைக்காற்று நிற்க விடாது. அதனால் குவளைக்குள் ஊற்றிய திரிதான் வாங்குவோம். வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழா முடிந்தாலும் வீட்டில் இரண்டு மூன்று காலிக் குவளை சேர்ந்துவிடும். அவற்றைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது.

இணையத்தில் பெரும்பாலும் கொதிநீர் ஊற்றச் சொல்கிறார்கள். ராமநாதபுரம் கடற்கரையில் அது சரிப்படாது. கிணற்றுத் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. குழாயில் வரும் காவிரித் தண்ணீரை எடுத்தால், "குடிக்கிற தண்ணிய இதுக்கா ஊத்துற?" என்று அம்மா கேட்பார். கேட்பது நியாயம்தான். ஆகவே மெழுகு முழுவதையும் தண்ணீர் இல்லாமலே எடுத்துவிட வேண்டும், தண்ணீர் கடைசியில் ஒரு செம்பு போதும் என்பதுதான் என் பதில்.

குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் அறையில் குவளையை இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். குளிரில் கண்ணாடியைவிட மெழுகு அதிகமாகச் சுருங்கும். ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழுந்து, கண்ணாடியோடு ஒட்டியிருந்த பளபளப்பு போய் மெழுகு வெளிறித் தெரியும். அப்போது கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினால் கட்டி அப்படியே விழும். அடியில் திரியைப் பிடித்திருக்கும் தகர வில்லையும் பல சமயம் கூடவே வந்துவிடும். கத்தி முனையால் குத்த வேண்டாம், கண்ணாடியில் கீறல் விழும். ஜில்லென்று இருக்கும் குவளையில் உடனே சுடுநீரும் படக்கூடாது, விரிசல் விட்டுவிடும்.

சோயா மெழுகு மென்மையானது, ஐஸில் முழுசாகக் கழராமல் அடம்பிடிக்கும். அது ஏறக்குறைய 50 டிகிரியில் உருகுவது. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தளத்தில் மத்தியானம் வைத்தாலே இளகிவிடும். மரக்கரண்டியால் வழித்துப் பழைய தாளில் எடுத்துக்கொள்ளலாம்.

மிச்சமிருக்கும் பிசுக்குக்குத் தேங்காய் எண்ணெய். சில சொட்டு விட்டுத் துணியால் உள்ளே சுற்றித் தேய்த்தால் மெழுகுப் படலமும் விளிம்பில் படிந்த கரியும் இளகும். வெளியே ஒட்டிய லேபிள் பசையும் இதற்கே விடும். பிறகு சலித்த அடுப்புச் சாம்பலையோ கடலை மாவையோ போட்டுத் துடைத்தால் எண்ணெயை அது இழுத்துக்கொள்ளும். இதற்குப் பிறகுதான் பாத்திர சோப்பும் ஒரு செம்புத் தண்ணீரும். உப்புத் தண்ணீரில் அலசினால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நிற்கும். புளித்தண்ணீர் தொட்டுத் துடைத்தால் அது போய்விடும்.

உருகிய மெழுகைத் தொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். குழாய்க்குள் போய் இறுகி அடைத்துக்கொள்ளும். எங்களைப் போலப் பாத்திரம் கழுவும் தண்ணீரைத் தென்னை மூட்டுக்கு விடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

சுத்தமான குவளையில் ஊறுகாய், சாப்பாட்டுச் சாமான் எதுவும் போட மாட்டேன். வாசனை மெழுகு இருந்த கண்ணாடி, உணவுக்கென்று செய்ததும் அல்ல. டீ ஊற்றவும் ஆகாது. ஆனால் இறுக்கமான மூடி இருந்தால் உப்புக்காற்றில் துருப்பிடிக்கிற ஊசி, தூண்டில் முள், நமத்துப் போகிற தீக்குச்சி இவற்றுக்கு நல்ல இடம்.

எனக்குப் பிடித்தது திரும்பவும் மெழுகு ஊற்றுவதுதான். சேர்த்த கட்டிகளை ஒரு டப்பாவில் போட்டு, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் அந்த டப்பாவை வைத்து உருக்குங்கள். நேரடித் தீயில் வைக்கவே வேண்டாம். தப்பித்தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள். கரித்துண்டுகள் போகப் பழைய துணியில் வடிகட்டி, தகர வில்லையில் புதுப் பருத்தித் திரி கோத்து நடுவில் நிறுத்தி, மேலே இரண்டு விரல் இடம் விட்டு ஊற்றுங்கள். ஊற்றும் முன் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். சின்ன விரிசல் தெரிந்தாலும் அதில் தீ ஏற்றக்கூடாது, தாளில் சுற்றிக் குப்பைக்குக் கொடுத்துவிடுங்கள்.