யூதர் என்பதாலா மரண தண்டனை?

கே: வீட்டு இரண்டாங்கட்டு அறையில் 1953-ஆம் வருடப் பத்திரிகைக் கட்டு கிடைத்தது. அணுகுண்டு ரகசியத்தை சோவியத்துக்குக் கொடுத்ததாகத் தண்டிக்கப்பட்ட ஜூலியஸ், எத்தல் ரோசன்பர்க் தம்பதியை யூதர் என்பதால்தான் அமெரிக்கா கொன்றது என்கிறது ஒரு தலையங்கம். கம்யூனிஸ்ட் புளுகு என்கிறது இன்னொன்று. எதை நம்புவது?
– வாசகர், கானாடுகாத்தான்

ப: முதலில் தேதியைப் பாருங்கள். தண்டனை விதித்தது 1951 ஏப்ரல் 5; நிறைவேற்றியது 1953 ஜூன் 19. நடுவே, 1952 நவம்பரில், கம்யூனிஸ்ட் செக்கோஸ்லோவாகியாவின் தலைநகர் பிராகில், கட்சியின் முன்னாள் பொதுச் செயலர் ஸ்லான்ஸ்கி மீதும் கூட்டாளிகள் மீதும் துரோக வழக்கு நடந்தது. கூண்டில் நின்ற 14 பேரில் 11 பேர் யூதர். தூக்கிலிடப்பட்டவர்களும் 11 பேர். இரண்டு பதினொன்றையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்: தூக்கில் போனவர்களில் யூதர் எட்டுப் பேரே. 1953 ஜனவரியில், சோவியத் தலைவர்களைக் கொல்லச் சதி செய்தார்கள் என்று மாஸ்கோ மருத்துவர்கள் மீது பழி; அவர்களில் பெரும்பாலோர் யூதர். அதற்குப் பிறகு வந்த தலையங்கங்களில் பாதி, எதிர்முகாமுக்கான பதிலடிதான். பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் தலைவர் டுக்ளோ, பிராகில் யூத வெறுப்பே இல்லை, நியூயார்க்கில்தான் இருக்கிறது என்றார். துணிச்சல்தான்!

ரோசன்பர்க் வழக்கின் நீதிபதி காஃப்மன், அரசு வழக்கறிஞர் சேபால் இருவரும் யூதர். 12 ஜூரிகளில் ஒரு யூதர்கூட இல்லை. தலையங்கம் எந்தப் பாதியை மட்டும் சொல்கிறது என்று பாருங்கள்.

குற்றம் வேறு, தண்டனையின் அளவு வேறு. 1995-இல் வெளியான வெனோனா தந்திகளின்படி (அமெரிக்கா இடைமறித்து உடைத்துப் படித்த சோவியத் உளவுச் செய்திகள்) ஜூலியஸ் உளவு பார்த்தது உண்மை. எத்தல் மீதான ஆதாரம் நொய்மையானது: அவர் உளவுக் குறிப்புகளைத் தட்டச்சு செய்தார் என்று தான் சொன்ன சாட்சியம் பொய் என்று அவருடைய தம்பி கிரீன்கிளாஸே 2001-இல் ஒப்புக்கொண்டார்.

கிழிசலில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். பசை பழுப்பேறி எழுத்தைத் தின்றுவிடும்.